சிம் கார்டின் உள்ளிருப்புப் போராட்டம்

செல்போன் கடைக்காரனைத் தேடி யாரும் வெளிநாடு கிளம்பும் முன் வருவதில்லை; பில் வந்த பிறகுதான் வருகிறார்கள். நெல்லித்தோப்பில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் மில்லில் சங்கம், வாசல் கூட்டம், துண்டறிக்கை. என் படிப்பே அந்தத் துண்டறிக்கைகள்தான். மில் மூடியதும், என்னோடு கொடி பிடித்த சிலர் காரில் ஏறிவிட்டார்கள். நான் போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறேன். பில்லைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்ட தோழர்களே, இது உங்களுக்காக.

பையில் கிடந்த போன்

பிலோமினா, என் பழைய சங்கத் தோழர் அருளப்பனின் மனைவி. மகளை எங்கள் ஊரிலேயே பிரெஞ்சு குடியுரிமை வைத்திருக்கும் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்; மகள் இப்போது பாரிஸில் இருக்கிறாள். போன வருடம் பிலோமினா போய்ப் பார்த்துவிட்டு வந்தார்; பின்னாலேயே பில்லும் வந்தது. இறங்கிய இடத்திலேயே போன் அந்த ஊர் டவரைப் பிடித்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்த, சர்ச்சில் பிள்ளைகளுக்கு நடக்கும் புதுநன்மையின் விருந்து வீடியோவையெல்லாம் தானாக இறக்கியிருக்கிறது. பில் கட்ட, காதுத் தோடு அடகுக்குப் போனது.

இப்போது மகளுக்குத் தலைப்பிரசவம். அருளப்பன் நெஞ்சில் ஆபரேஷன் ஆனவர். அவரால் போக முடியாது. போனோடு போனால் பில். போன் இல்லாமல் போனால் இங்கே இவர் தனியாகத் தவிப்பார். டிக்கெட்டை ரத்து செய்யும் முடிவோடு கடைக்கு வந்தார் பிலோமினா. “புள்ளைய அவளே பெத்துக்கட்டும்ண்ணே, நா போவல. போன தடவ ஒரு போன்கூட பண்ணாமலே தோடு போச்சி!”

மில் பாஷை

எனக்குத் தெரிந்தது மில் பாஷை ஒன்றுதான். “உள்ளிருப்புப் போராட்டத்துல என்ன செஞ்சோம்? உள்ள போனோம், உக்காந்தோம், மிஷினத் தொடல. ஒன் சிம்மும் அதத்தான் செய்யணும்” என்றேன்.

வெளிநாட்டு டவரில் நெட் ஓடவிடும் டேட்டா ரோமிங்கை அணைத்தேன். வாட்ஸ்அப்பில் வீடியோ தானாக இறங்குவதை நிறுத்தினேன். சிம் போனுக்குள்ளேயே இருக்கும். பேங்க் ஓடிபி எஸ்எம்எஸ்ஸாக வந்து சேரும். பேச்சும் படமும் மருமகன் வீட்டு வைஃபையில் மட்டும். சாதாரண அழைப்பு வந்தால் எடுக்கக் கூடாது. அங்கே எடுப்பவருக்கும் காசு. அருளப்பனும் வாட்ஸ்அப்பில்தான் கூப்பிட வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கூட வந்திருந்த அருளப்பன் சொன்னார்: “இவ்ளோ கட்டுப்பாடா நம்ம ஸ்ட்ரைக்கு நடந்திருந்தா, நீ ஏன் தலைவரே கண்ணாடி ஒட்டிக்கினு குந்தியிருக்க?”

உப்பளத்தில் ஒரு பாரிஸ்

ஒத்திகை பார்க்காமல் நான் எந்தப் போராட்டத்திலும் இறங்கியதில்லை. டேட்டாவை அணைத்துவிட்டு, பிலோமினாவை எங்கள் ஊரிலேயே இருக்கும் உப்பளம் பகுதிக்கு பஸ்ஸில் அனுப்பினேன். அங்கே அவர் தங்கை வீடுதான் மருமகன் வீடு, அந்த வைஃபைதான் பாரிஸ் வைஃபை. அருளப்பன் என் கடையில். வாட்ஸ்அப் அழைப்பு வரத் தாமதமானதும் மனிதருக்குத் தாங்கவில்லை. நான் பிடுங்குவதற்குள் சாதாரண அழைப்பைத் தட்டிவிட்டார். மணி அடித்தது, அடித்தது, ஓய்ந்தது. போராட்டம் போயிற்று என்று நினைத்தேன். பிறகு என் போனில் வாட்ஸ்அப் அழைப்பு: “பஸ்ஸுல அடிச்சிக்கினே கெடந்துச்சிண்ணே, தொடவே இல்ல. பிரான்சுலயும் தொட மாட்டேன், சொல்லி வைங்க அந்தாளுகிட்ட!”

கண்ணாடியில் ஒட்டிய பில்

பிலோமினா பாரிஸில் இறங்கிய அன்று அருளப்பன் தானாகவே போனை என் கையில் கொடுத்துவிட்டு, விரல்களைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மத்தியானம் வாட்ஸ்அப் அடித்தது. மருமகன் வீட்டிலிருந்து பிலோமினா சிரித்தார். பின்னொரு நாள் அதே கவுன்ட்டரில் வைத்துத்தான் பேத்தியின் முதல் அழுகையைக் கேட்டோம். ரீசார்ஜுக்கு வந்தவர்களெல்லாம் எட்டிப் பார்க்க, அருளப்பன் போனைத் தூக்கிக் காட்டினார், அந்தக் காலத்தில் கொடி தூக்கியதைப் போல.

அப்புறம் பில் வந்தது. வழக்கமான மாத வாடகை. அதற்கு மேல் ஒன்றுமில்லை. சிவப்பு மையில் ‘வெற்றி’ என்று எழுதிக் கடைக் கண்ணாடியில் ஒட்டினேன். வாட்ஸ்அப்பில் செய்தியைச் சொன்னதும், பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு பிலோமினா சொன்னார்: “சிம்மு சும்மா குந்திக்கினு கெடக்குதுண்ணே, வேலயெல்லாம் மாப்ள ஊட்டு வைஃபைதான் செய்யிது!”

என் ஆயுளில் நான் நடத்திய உள்ளிருப்புப் போராட்டங்களில், யாரும் இடையில் எழுந்து நிர்வாகத்தோடு டீ குடிக்கப் போகாமல் முழுசாக ஜெயித்தது, நகத்தளவு சிம் கார்டு ஒன்று தனியாக உட்கார்ந்தது மட்டும்தான்.