வெங்காயக் கொட்டிலில் நாற்பது கதிரைகள்

வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. திருநெல்வேலியிலிருந்து திருச்சிக்கு வந்து சேர எனக்கு ஐந்து மணி நேரம் ஆயிற்று. திருச்சியிலிருந்து கடலைத் தாண்டிப் பலாலியில் இறங்க ஒரு மணி நேரம்தான். விமான நிலையத்தில் கடவுச்சீட்டைப் புரட்டிய இளம் அதிகாரி என்னைப் பார்த்தார்.

"என்ன விசயமாய் வந்தனீங்கள்?"

"நாடகம் பார்க்க."

"நாடகமோ? எங்கை?"

"சண்டிலிப்பாயில்."

அவர் முகம் மலர்ந்தது. "ஓ, உந்த வெங்காயக் கொட்டிலோ? போங்கோ, போங்கோ. ஆனால் விளங்கேல்லையெண்டு என்னோடை வந்து சண்டை பிடிக்கக் கூடாது" என்று முத்திரையைக் குத்தினார்.

நான் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். நடிக்கத் தெரியாது, எழுதவும் வராது. விடுமுறை கிடைத்தால் ஊர் ஊராகப் போய் நாடகம் பார்ப்பேன், அவ்வளவுதான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரியில் ஒரு நாடகப் பயிலரங்கில் சுகந்தியைச் சந்தித்தேன். உடுப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர். வார இறுதிகளில் சண்டிலிப்பாயில் ஒரு பழைய வெங்காயக் களஞ்சியத்தில் நாடகம் போடுகிறார். அதற்கு 'நாற்பது கதிரை' என்று பெயர். கதிரை என்றால் அங்கே நாற்காலி. "ஒருக்கா வந்து பாருங்கோ" என்று அவர் சொன்னதை நான் உபசார வார்த்தையாக எடுத்துக்கொள்ளவில்லை.

பலாலியிலிருந்து தெல்லிப்பழை, அளவெட்டி வழியாக ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர். ஆட்டோவுக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய், இலங்கைப் பணத்தில். சாலையின் இருபுறமும் சிவந்த மண், பனை வடலிகள், புகையிலைக் கன்று நட்ட பாத்திகள். மார்கழி மேகம் எல்லாவற்றுக்கும் மேல் தாழ்ந்து கிடந்தது.

வெள்ளி, மாலை ஏழு மணி. சுகந்தி எனக்கு இடம் பார்த்து வைத்திருந்தது நாகேஸ்வரி அக்கா வீட்டில். ஐம்பத்தைந்து வயது; கணவர் சிவலிங்கத்தோடு சேர்ந்து வெங்காயமும் புகையிலையும் பயிர் செய்கிறவர். மறுநாள் நாடகத்தில் நடிக்கும் இரண்டு பேரில் அவர் ஒருவர் என்று கேட்டதும் எனக்கு வியப்பு. குழல் புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்தார். எனக்கு எதிரே அமர்ந்து சாப்பிட்ட சிவலிங்கம் அண்ணை, கேட்காமலே தன் கருத்தைச் சொன்னார்.

"நான் உவையின்ரை நாடகத்துக்குப் போறேல்லை, தம்பி. ஒருக்காப் போனனான். ஒரு மனிசன் அரை மணித்தியாலம் ஒரு வாளியைப் பாத்துக்கொண்டு நிண்டான். ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. வாளியிலை தண்ணியும் இல்லை. அதைப் பாக்க எனக்கு என்ரை வீட்டிலையே வாளி இருக்கு."

நாகேஸ்வரி அக்கா சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் புட்டு வைத்தார்.

சனிக்கிழமை, காலை ஒன்பது மணி. கொட்டிலுக்கு நடந்தே போனோம். வீட்டிலிருந்து அரைக் கிலோமீட்டர். வழியில்தான் அக்கா விஷயத்தைச் சொன்னார். நாடகத்தில் அவர் ஒரு மீனவர். யாழ்ப்பாண நகரக் கடற்கரையான குருநகரிலிருந்து வரும் பஸ்தியான் அண்ணை என்ற உண்மையான மீனவர், நாடகத்தில் ஒரு தோட்டக்காரர், அதாவது விவசாயி. அவரவர் வாழ்க்கையை மற்றவர் நடிப்பது. நான்கு மாதமாக இவர் அவருக்கும் அவர் இவருக்கும் கதை சொல்லி, அதிலிருந்தே நாடகத்தைக் கட்டியிருக்கிறார்கள்.

"நான் அவருக்குச் சொன்ன தோட்டக்காரன் ஆரெண்டு நினைக்கிறியள்? எங்கடை வீட்டுக்காரர்தான்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவர் வராததும் ஒரு வகையிலை நிம்மதி" என்றார். பிறகு நாலடி நடந்து, "கவலையும்தான்" என்றார்.

கொட்டில் நாற்பது அடி நீளம், இருபத்து நாலு அடி அகலம். தகரக் கூரை. மேடை என்பது ஒரு பக்கத்தில் விட்டிருந்த பன்னிரண்டு அடி வெறுந்தரைதான். சிமெந்துச் சுவரில் கரும்பலகை வண்ணம் அடித்து, இதுவரை போட்ட நாடகங்களைச் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்திருந்தார்கள். பார்க்க வந்தவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்ட நாடகம். ஒரு நேரத்தில் ஒரே ஒருவர் மட்டும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரும் பத்து நிமிட நாடகம். அதை ஒரு நாள் முழுக்க நடத்தியிருக்கிறார்கள். சிவலிங்கம் அண்ணையின் வாளியும் பட்டியலில் இருந்தது.

"இதிலை எத்தனை சரிவந்தது?" என்று சுகந்தியிடம் கேட்டேன்.

"பாதி. ஆறு பேர் வந்த நாடகமும் இருக்கு. அதிலை ரெண்டு பேர் இடையிலை எழும்பிப் போட்டினம்." அவர் கதிரைகளைத் துடைத்தபடி சொன்னார். நீலம், சிவப்பு, பச்சை, வெள்ளை என்று எல்லாம் வெவ்வேறு வீட்டுப் பிளாஸ்டிக் கதிரைகள். "பெரிய மண்டபமெண்டால் பிழை விடப் பயமாயிருக்கும், அண்ணை. அதாலை எல்லாரும் தெரிஞ்சதையே திருப்பித் திருப்பிச் செய்வினம். இஞ்சை பிழை விடலாம். விட்டால் நாற்பது பேருக்குத்தான் தெரியும். சரிவந்தாலும் நாற்பது பேருக்குத்தான் தெரியும், அதுதான் கொஞ்சம் கவலை."

பஸ்தியான் அண்ணை பத்து மணிக்குப் பஸ்ஸில் வந்து இறங்கினார். அறுபது வயது. தேவாலய முற்றங்களில் நாட்டுக்கூத்தில் ராசா வேடம் கட்டி ஆடியவர். ஒலிபெருக்கி இல்லாமல் ஆயிரம் பேருக்குப் பாடிய குரல். "வணக்கம்" என்று அவர் சொன்னபோது தகரம் அதிர்ந்தது. நான்கு மாதமாகச் சுகந்தி அவருக்குக் கற்றுக்கொடுத்ததெல்லாம் அந்தக் குரலைக் குறைப்பதுதான். ஒத்திகை முழுக்கச் சுகந்தி கையைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டிக்கொண்டே இருந்தார்.

"மெல்லமாய்க் கதைக்கிறதுதான், தம்பி, பெரிய கஷ்டம்" என்றார் பஸ்தியான் அண்ணை என்னிடம். "ராசாவுக்கு ரகசியம் இல்லை. தோட்டக்காரனுக்கு இருக்கு."

சனி, மாலை நான்கரை. குருநகரிலிருந்து ஒரு வேனில் பதினெட்டுப் பேர் வந்தார்கள். பஸ்தியான் அண்ணையின் தங்கை மரியம்மா, அவருடைய அயலவர்கள், வலை தைக்கும் பெண்கள். சண்டிலிப்பாய்க்காரர்கள் ஒரு பக்கம், குருநகர்க்காரர்கள் மறுபக்கம் என்று, யாரும் சொல்லாமலே, நடுவில் ஒரு வழி விட்டு உட்கார்ந்தார்கள். அனுமதி முந்நூறு ரூபாய். நான் முன்வரிசையில் இருந்தேன்.

தொடங்க ஐந்து நிமிடம் இருக்கையில் கதவருகே சிவலிங்கம் அண்ணை. கையில் இரண்டு குடை.

"மழை வரப்போகுது. மனிசிக்குக் குடை குடுக்க வந்தனான்" என்றார், யாரும் கேட்காமலே. குடையைக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் முதல் துளிகள் விழுந்துவிட்டன. சுகந்தி அவருக்குக் கடைசிக் கதிரையை நகர்த்தினார். வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார்.

நாடகம் தொடங்கியது. பஸ்தியான் அண்ணை தோட்டக்காரராக வந்து, ஓடாத தண்ணீர்ப் பம்பைப் பார்த்துத் திட்டினார். சால்வையை உதறித் தோளில் போட்ட விதம், பம்போடு பேசும்போது ஒரு கண்ணை மட்டும் சுருக்கிய விதம்... சண்டிலிப்பாய்ப் பக்கம் முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும். தலைகள் ஒவ்வொன்றாகக் கதவுப் பக்கம் திரும்பின. சிவலிங்கம் அண்ணையின் முகம் இறுகிவிட்டது. ஒரு கண் சுருங்கியிருந்தது.

அப்போதுதான் மழை கொட்டியது. தகரக் கூரையில் மார்கழி மழை எப்படி விழும் என்று கேட்டவர்களுக்குத்தான் தெரியும். படகில் நிற்கும் மீனவராக நாகேஸ்வரி அக்கா பேசினார். உதடுகள் அசைந்தன, ஒரு சொல்லும் வரவில்லை. மூன்று முறை முயன்றுவிட்டு நிறுத்தினார்.

சுகந்தி மேடையோரம் ஓடி வந்து பஸ்தியான் அண்ணையிடம், குரலை விடச் சொல்லிக் கை காட்டினார். அவர் ஒரு வரியைக் கூத்துக் குரலில் எடுத்தார். மழையைக் கிழித்துக்கொண்டு கடைசி வரிசை வரை போயிற்று. சனம் கைதட்டியது. அவர் மட்டும் கூடாது என்று தலையை ஆட்டினார். எனக்கு இரண்டு முழத் தூரத்தில் நின்று சுகந்தியின் காதில் கத்தினார்.

"நான் கத்தினால் என்ரை குரல்தான் கேக்கும், பிள்ளை! அவவின்ரை கேக்காது! பிறகு இது ஒராளின்ரை நாடகமாய்ப் போயிடும்!"

"அப்ப நிப்பாட்டுவமோ?"

"ஏன் நிப்பாட்ட வேணும்? சனத்தைக் கிட்டக் கூப்பிடு!"

சொல்லிவிட்டு, பஸ்தியான் அண்ணை என் கையைப் பிடித்து இழுத்து, கதிரையோடு மேடைத் தரைக்குக் கொண்டுபோய்விட்டார். அடுத்த இரண்டு நிமிடம் கொட்டிலே கலகலத்தது. நாற்பது கதிரைகளும் தலைக்கு மேல் மிதந்து வந்து, அந்தப் பன்னிரண்டு அடித் தரையைச் சுற்றி வளையமாக இறங்கின. நடுவில் விட்ட வழி எங்கே போனதென்று தெரியவில்லை. மரியம்மா அக்கா ஒரு சண்டிலிப்பாய்ப் பெரியவரின் குடையை மடியில் வைத்திருந்தார். என் முழங்கால் சிவலிங்கம் அண்ணையின் முழங்காலில் இடித்தது.

இரண்டு பேரும் நடுவில் குந்தியிருந்து, காதோடு சொல்வதுபோலப் பேசத் தொடங்கினார்கள். நாங்கள் எல்லோரும் முன்னால் சாய்ந்து கேட்டோம். மேலே கொட்டிய மழை இப்போது நாகேஸ்வரி அக்காவின் கடலாகிவிட்டது. நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோன மீனவர், சற்று முன் தோட்டக்காரர் பம்பைத் திட்டிய அதே வார்த்தைகளால் எஞ்சினைத் திட்டினார். குருநகர்ப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

பிறகு தோட்டக்காரரின் முறை. பஸ்தியான் அண்ணை, யாரையும் பார்க்காமல், அவ்வளவு பெரிய குரலை ஒரு மூச்சளவுக்குச் சுருக்கிச் சொன்னார்.

"கிணத்துத் தண்ணி உப்புக் கரிக்கத் தொடங்கி மூண்டு வருசம். விடியக் காலமை முதல் வாளியை நான்தான் அள்ளி வாயிலை விட்டுப் பாக்கிறன். வீட்டிலை சொல்லேல்லை. சொன்னால் அவள் நித்திரை கொள்ளமாட்டாள். கோயில் கிணத்துத் தண்ணியிலை தேத்தண்ணி நல்லாயிருக்குமெண்டு சொல்லி, அதை அள்ளிக்கொண்டு வாறன்."

என் பக்கத்தில் இருந்த முழங்கால் அசையவில்லை. சிவலிங்கம் அண்ணை பஸ்தியானைப் பார்க்கவில்லை; தன் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா தரையைப் பார்த்தபடி எஞ்சின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

நாடகம் முடியும்போது மழையும் தணிந்திருந்தது. அங்கே ஒரு வழக்கம் உண்டு: முடிந்த பிறகு யார் வேண்டுமானாலும் எழுந்து, பிழையைத் திருத்தலாம். யாரும் எழவில்லை. எல்லோரும் ஒருவரையே பார்த்தார்கள். அவர் எழுந்தார்.

"சால்வை" என்றார் சிவலிங்கம் அண்ணை, தொண்டையைச் செருமிக்கொண்டு. "நான் இடத் தோளிலைதான் போடுறனான். நீங்கள் வலத் தோளிலை போட்டனீங்கள்."

கொட்டில் வெடித்துச் சிரித்தது. பஸ்தியான் அண்ணை உடனே சால்வையை மாற்றிப் போட்டுக்கொண்டு, "இப்ப சரியோ?" என்றார்.

"இப்ப சரி. புகையிலையிலை பக்கக் கொழுந்து கிள்ளினதும் பிழை. உப்பிடிக் கிள்ளினால் இலை கிழியும். நகத்தாலை இல்லை, விரலாலை." அவர் நடுவில் வந்து செய்து காட்டினார். உடனே மரியம்மா அக்கா எழுந்து, "அப்ப நானும் சொல்லுறன். நாகேஸ்வரி, உப்பிடிக் கயிறு இழுத்தால் உமக்குத் தோள்மூட்டுக் கழண்டுபோம்!" என்று வளையத்துக்குள் இறங்கினார். அரை மணி நேரம் இதுவே நடந்தது. நாடகத்தைவிட இது நீளம். குருநகரில் கிணற்றுக்கு என்ன ஆயிற்று, சண்டிலிப்பாயில் யார் யார் கிணறு கரிக்கிறது என்றெல்லாம் பேச்சுப் போயிற்று. பால் விடாத தேநீரான பிளேன்ரீ வந்தது.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் சிவலிங்கம் அண்ணை மனைவியிடம் கேட்டது எனக்குக் கேட்டது.

"உனக்கு எப்ப தெரியும்?"

"நீங்கள் கோயில் கிணத்திலை அள்ளத் தொடங்கின அண்டைக்கே" என்றார் அக்கா. "தேத்தண்ணியிலை ருசி பாக்கிற ஆளோ நீங்கள்?"

அவர் பிளேன்ரீயை ஒரு வாய் குடித்தார். "நித்திரை கொண்டனியோ?"

"கொண்டன். நீங்கள்தான் கொள்ளேல்லை."

பிறகு இருவரும் ஒரே குடைக்குள் வீட்டுக்கு நடந்தார்கள். மற்றக் குடையை எனக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. மானிப்பாய் வழியாக யாழ்ப்பாணத்துக்குப் பத்துக் கிலோமீட்டர், பஸ்ஸில் எண்பது ரூபாய். நான் தனியாகப் போகவில்லை. "தோட்டக்காரனைப் பாத்தாச்சு, கடலையும் ஒருக்காப் பாருங்கோவன்" என்று பஸ்தியான் அண்ணை முதல் நாள் எங்கள் மூவரையும் அழைத்திருந்தார். சிவலிங்கம் அண்ணை வெளுத்த வேட்டியும் சால்வையுமாகக் கிளம்பிவிட்டார். குருநகர் இறங்குதுறையில் படகில் ஏறியதும் இரு பக்கமும் இறுகப் பிடித்துக்கொண்டார். ஆழமில்லாத பரவைக்கடல் தட்டுப் போல் அசையாமல் கிடந்தது. "உது அலையோ?" என்று ஒவ்வொரு நெளிவுக்கும் கேட்டார். நாகேஸ்வரி அக்கா படகின் முன்னணியத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, திரும்பிப் பார்க்கவே இல்லை.

எனக்குப் படகில் ஏற நேரம் இல்லை. கரையிலேயே விடைபெற்று, ஆட்டோ பிடித்துப் பலாலிக்கு வந்தேன். மூன்று மணிக்கு விமானம்.

மேலே ஏறியபின் எங்கள் ஊரை நினைத்துக்கொண்டேன். எங்களுக்கு ஆயிரத்து இருநூறு இருக்கை உள்ள அரங்கம் இருக்கிறது. குளிரூட்டியது. முப்பது வருடமாக அங்கே நாடகம் பார்க்கிறேன். என் பக்கத்து இருக்கையில் இருந்தவர் ஒருவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. அங்கே பார்த்தவற்றில் பல நன்றாகவே இருந்தன. ஆனால் எந்த நாடகமும், மழை வந்தபோது என் கையைப் பிடித்து இழுத்ததில்லை. அங்கே மழை கேட்கவே கேட்காது.

திருச்சியில் இறங்கியதும் பாளையங்கோட்டையில் அரிசிக் கடை வைத்திருக்கும் என் மைத்துனரைக் கூப்பிட்டேன்.

"உங்க கடை மாடியில சும்மா கிடக்கே, அந்த அறை, எத்தனை அடி இருக்கும்?"

"பதினெட்டுக்கு முப்பது இருக்கும், அத்தான். எதுக்கு?"

"நாடகம் போட."

"அதுலயா? அம்பது பேருக்கு மேல உக்கார முடியாதே!"

"அம்பதா?" என்றேன். "கொஞ்சம் பெருசுதான். பரவாயில்ல, பாத்துக்கிடலாம்."