அப்பாவின் இலவம்பஞ்சு மெத்தை

கூரை வேலை தொடங்குவதற்கு முன் எங்கள் பழைய வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. அதற்காகத்தான் அண்ணை கனடாவிலிருந்து வந்திருந்தார். அப்பாவும் அம்மாவும் போன பிறகு நயினாதீவில் அந்த வீடு பூட்டியே கிடந்தது. நான் அடுத்த ஒழுங்கையில் என் வீட்டில் இருந்துகொண்டு, வெள்ளிக்கிழமைகளில் போய்க் கூட்டி விளக்கு வைத்துவிட்டு வருவேன். கட்டில், அலுமாரி, கதிரை எல்லாவற்றையும் முற்றத்துக்கு இழுத்து வந்தோம். கடைசியாக மூன்று மெத்தைகள் வந்தன. ஒன்று தேங்காய்த் தும்பு மெத்தை. இன்னொன்று, அம்மா படுக்கையில் விழுந்த காலத்தில் அண்ணை அனுப்பிய காசில் வாங்கிய ஸ்பிரிங் மெத்தை. மூன்றாவது அப்பாவின் இலவம்பஞ்சு மெத்தை.

“எல்லாத்தையும் எரிச்சுப்போட்டு வேலையைப் பாப்பம்” என்றார் அண்ணை.

சோளகக் காற்று வீசும் மாதம். பனையோலைகள் ஒரு நிமிடம் ஓயாமல் சடசடத்துக்கொண்டிருந்தன.

“உந்தக் காத்துக்கு எரிக்க ஏலாது அண்ணை. பொறி பறந்தா பக்கத்து வீட்டு அக்கான்ர வேலியும் சேந்து எரியும்.”

“அப்ப எங்கையாவது கொண்டுபோய்ப் போடுவம்.”

“எங்கை? கடலுக்குள்ளையோ?”

அவர் சிரித்துவிட்டார். எங்கள் ஊருக்கு எந்தச் சாமானும் குறிகட்டுவான் துறையில் லோஞ்ச் என்கிற மோட்டார்ப் படகில் ஏறித்தான் வர வேண்டும். வந்த சாமானைத் திருப்பி ஏற்றி அனுப்ப யாரும் மெனக்கெடுவதில்லை. அந்த இலவம்பஞ்சு மெத்தை வந்திறங்கிய நாள் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அப்பாவுக்குத் தெற்கே ஒரு பட்டினத்தில் கடை. அந்த வருடம் அம்மன் திருவிழாவுக்கு வரும்போது, அங்கே சொல்லித் தைப்பித்த மெத்தையைக் கொண்டு வந்தார். நானும் அண்ணையும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்குதுறையில் நின்றோம். தூரத்தில் லோஞ்ச் தெரிந்தது. அதன் கூரையில், தறப்பாள் சுற்றிய மெத்தைக்கு மேல், காற்று அதைத் தூக்கிவிடாமல் அப்பா சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தார். “முதலாளி படுத்துக்கொண்டே வந்திருக்கலாமே!” என்று யாரோ கத்த, துறையே சிரித்தது. அம்மா வெட்கத்தில் சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

நீலக் கோடு போட்ட தடித்த துணி. குழந்தைகள் அதில் ஏறக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. அவர் கடைக்குத் திரும்பிப் போனதும் நாங்கள் ஏறித் துள்ளுவோம். அம்மா கண்டும் காணாதவர் போலக் குசினிக்குள் சமையலைப் பார்த்தபடி நின்றுவிடுவார்.

வயதான பிறகு அப்பா கடையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டார். வந்த நாளிலிருந்து விடிய எழும்பினால் ஒரே முறைப்பாடுதான்.

“இந்த மெத்தை கல்லாப் போச்சு.”

“மெத்தைக்கு ஒண்டுமில்லை. உங்கட முதுகுக்குத்தான் வயசு போட்டுது” என்பார் அம்மா. குசினியிலிருந்து தலையைக்கூட வெளியே நீட்ட மாட்டார்.

எரிக்கவும் முடியாது, ஏற்றவும் முடியாது என்றானபோது, பிரிப்போம் என்று நான் சொன்னேன். அண்ணை அரைமனதோடு கம்பி வெட்டும் குறடு ஒன்றை எடுத்து வந்தார். ஸ்பிரிங் மெத்தையின் துணியை உரித்ததும் உள்ளே இருந்த கம்பிச் சுருள்கள் ஒன்றோடொன்று கோத்தபடி, ஒரு வலை போல முழுதாக எழும்பி வந்தன. அதைக் கிணற்றடியில் நட்ட இரண்டு கம்புகளில் கட்டி, பாகல் கொடியை ஏற்றிவிட்டேன். தும்பு மெத்தையின் தும்பை உதறித் தென்னம்பிள்ளைகளின் அடியில் பரப்பினோம். எங்கள் மணலில் ஊற்றிய தண்ணீர் நிற்காது. தும்பு கொஞ்ச நேரமாவது பிடித்து வைத்திருக்கும். அதற்குள் அண்ணைக்கு வேலை பிடித்துப் போயிற்று. சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வெயிலைக்கூடப் பார்க்காமல் அப்பாவின் மெத்தையைப் புரட்டினார்.

அதன் ஒரு விளிம்பில் மட்டும் தையல் வேறு மாதிரி இருந்தது. கிட்டக்கிட்ட, சின்னச் சின்னதாக, கையால் போட்ட தையல். அண்ணை அதை வெட்டிக் கையை உள்ளே விட்டார். மேலே மெல்லிய பஞ்சுப் படை. அதற்குக் கீழே துணி. இழுக்க இழுக்க வந்துகொண்டேயிருந்தது: அம்மாவின் பழைய நூல் சீலைகள், அப்பாவின் சாறங்கள், என் வெள்ளைப் பள்ளிச் சட்டை, கிழிந்த கட்டில் விரிப்புகள். எல்லாம் ஒழுங்காக மடித்து, பள்ளம் மேடு தெரியாமல் அடுக்கப்பட்டிருந்தன.

அண்ணை ஒரு நீலக் காற்சட்டையை விரித்துப் பார்த்தார். பின்பக்கத்தில் வேறு நிறத்தில் ஒட்டுப் போட்டிருந்தது.

“இது என்ரையெல்லோ” என்றார்.

“பஞ்சு எங்கை அண்ணை போச்சு?”

அவர் கையை இன்னும் ஆழமாக விட்டுத் துழாவினார். துணிதான் வந்தது. நாங்கள் பேசுவதைக் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்து நுழைந்து வந்தார். முற்றத்தில் கிடந்த துணிக் குவியலைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“உங்களுக்கு இது தெரியாதோ? நீர் அப்ப யாழ்ப்பாணத்தில நிண்டு படிச்சனீர். இவர் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டிட்டார். அப்பா அங்கால கடையில, வர வழியில்லை. சண்டைக்குப் பயந்து மற்றத் தீவுகளில இருந்து சனம் வள்ளத்தில வந்து பள்ளிக்கூடத்தில கிடந்தது. பிள்ளைத்தாச்சியள், கைக்குழந்தையள், எல்லாம் வெறும் சீமெந்தில. கடையில ஒரு முழத் துணிகூட இல்லாத காலம். உங்கட அம்மா பாத்திட்டு வந்து இந்த மெத்தையைப் பிரிச்சவ. நானும் அவவுமா இருந்து பஞ்சை எடுத்துக் குழந்தையளுக்குக் குட்டி மெத்தையும் தலையணையும் தைச்சனாங்கள். என்ர மூத்தவன் பிறந்து கிடந்ததும் உங்கட அப்பான்ர மெத்தையிலதான்.”

“அப்பாவுக்குத் தெரியுமோ?” என்று அண்ணை கேட்டார்.

“ஆர் சொல்லுறது? மனிசி எங்களிட்டச் சத்தியம் வாங்கிப்போட்டுதெல்லே! ஒருநாள் உங்கட அப்பா என்னட்டயும் வந்து கேட்டவர், பிள்ளை, இலவம்பஞ்சு கிடக்கக் கிடக்க இறுகுமோ எண்டு. ஓம் ஐயா, கடல் காத்துக்கு இறுகுமாம் எண்டு சொல்லிப்போட்டு ஓடி வந்திட்டன்.”

நாங்கள் மூவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். சிரித்து முடிந்த பிறகும் அண்ணை காற்சட்டையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். அப்பாவின் செத்தவீட்டுக்கு அவரால் வர முடியவில்லை. விசா இல்லாத காலம் அது. அதைப் பற்றி அவர் என்னோடு ஒருநாளும் பேசியதில்லை.

“மனிசன் கடைசிவரைக்கும் இதுக்கு மேலதானே படுத்திருக்கு” என்றார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா தேத்தண்ணி போடுகிறேன் என்று எழுந்து போனார்.

மிஞ்சிய பஞ்சை வெயிலில் போட வேண்டும். காற்றோ விடாது. கட்டிலுக்கு மேல் கட்டும் பழைய நுளம்பு வலைக்குள் பஞ்சைக் கொட்டி, வாயைக் கட்டி உடுப்புக் கொடியில் தொங்கவிட்டோம். அப்படியும் கொஞ்சம் தப்பிப் பறந்து வேலியிலும் எங்கள் தலையிலும் ஒட்டியது. நீலக் கோட்டுத் துணியைத் துவைத்துத் தலையணை உறை தைத்தேன். பழஞ்சீலைகளை அடுக்கி, மேலும் கீழும் நல்ல துண்டுகளை வைத்து, ஒரு தடித்த விரிப்பாக்கினேன். அண்ணையும் ஊசி பிடித்தார். அவர் போட்ட தையல் கோணல்மாணலாகத்தான் போயிற்று; அவிழ்த்துத் தைக்க எனக்கு மனம் வரவில்லை. கூரை வேலை முடியும்வரை அவர் என் வீட்டு விறாந்தையில் அந்த விரிப்பில்தான் படுத்தார். கட்டில் தருகிறேன் என்றாலும் கேட்கவில்லை.

மூன்று தலையணைகள்தான் தேறின. ஒன்றை அக்காவுக்குக் கொடுத்தோம். ஒன்று என்னிடம். மற்றதை அண்ணை கொண்டு போனார். அதற்குள் தன் காற்சட்டையையும் மடித்து வைத்துத் தைக்கச் சொன்னார், தைத்துக் கொடுத்தேன்.

போன கிழமை தொலைபேசியில் பேசியபோது கேட்டேன், தலையணை எப்படி என்று. காரில் முதுகுக்கு வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறாராம். அவரின் மனைவி, என் மச்சாள், அதற்குப் புது உறை போட எடுத்தாராம், இவர் விடவில்லையாம். பாகல் காய்க்கிறதா என்று கேட்டார். காய்க்கிறது, நேற்றும் கறி வைத்தேன் என்றேன். பிறகு, அங்கே பனி கொட்டுகிறது என்று வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இங்கே மாரி தொடங்கிவிட்டது. என் தலையணை சற்று ஈரம் வாங்குகிறது. வெயில் தலைகாட்டும் நேரங்களில் அதைக் கதிரையில் வைத்துக் காய விடுகிறேன்.