வெள்ளத்துரை அண்ணாச்சியின் தோள்வலி

பாலவனத்தத்தில் கருப்பட்டிக் கடை வைத்திருந்த வெள்ளத்துரை அண்ணாச்சிக்கு அறுபது தாண்டிவிட்டது என்று ஊர் சொல்லும். அவர் ஒத்துக்கொண்டதில்லை. யுத்தம் முடிந்த மறு வருஷம், பங்குனி மாரியம்மன் பொங்கலில் சப்பரம் தூக்கும்போது அவருக்குக் கால் இடறியது. கல் தட்டிவிட்டது என்றார். அந்தத் தெருவில் கல்லே கிடையாது. அடுத்த பொங்கலுக்கு அண்ணாச்சி குடை பிடித்து முன்னால் நடந்தால் போதும் என்று ஊரார் மரியாதையாகப் பேசி முடித்துவிட்டார்கள். அந்த மரியாதைதான் அவரைத் தூங்கவிடவில்லை. மீசை முளைத்த நாளிலிருந்து சப்பரத்தின் முன்தண்டுக்குத் தோள் கொடுத்தவர் அவர்.

தை பிறந்ததும், மகன் சின்னத்துரை பழகும் சிலம்பக்கூடத்தில் போய் நின்றார். வாத்தியார் மொக்கையன் மகனுக்குச் சொன்ன தண்டாலையும் பஸ்கியையுமே அப்பாவுக்கும் சொன்னார். ஒரே மாதத்தில் சின்னத்துரைக்குச் சட்டைக் கை இறுகியது. அண்ணாச்சிக்கு வழக்கம்போல வயிற்றில்தான் இறுக்கம். போதாது என்று நினைத்து, மகன் எடுப்பதைப் போல இரண்டு பங்கு எடுத்தார். போதாக்குறைக்கு, காப்புக் கட்டிய பிறகு இருக்கவேண்டிய ஒருபொழுது விரதத்தையும் அப்போதே தொடங்கிவிட்டார். அம்மன் சீக்கிரம் கண் திறப்பாளாம். கண் திறந்ததோ இல்லையோ, கடையில் கருப்பட்டிச் சிப்பத்தை நகர்த்தக்கூட அவருக்கு ஆள் தேவைப்பட்டது.

மொக்கையன் கடைக்கே வந்தார்.

"அண்ணாச்சி, இளவட்டங்களுக்கே சொல்லிக் குடுத்துப் பழகிட்டேன், எனக்கும் இப்பத்தான் புரியுது. அலுத்த ஒடம்பு ஓய்வுலதான் தேறும். ஒங்க மகனுக்கு ஒரு ராத்திரி போதும். ஒங்களுக்கு ரெண்டு மூணு நாளாவது ஆகும். அதுக்குள்ள மறுபடி போட்டு அடிச்சா எங்கிட்டுத் தேற? அதுவும் வெறும் வயித்தோட."

அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் மனைவி முத்துலட்சுமி விடவில்லை. விரதத்தைப் பற்றி அம்மனிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொல்லி, உளுந்தங்களியும் முட்டையும் வைத்தாள். அவரும் இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டுப் பழகினார். பங்குனி வரையிலும் கை பருக்கவேயில்லை. ஆனால் கால் நிலைத்தது. ஒருநாள் ஊர்ப் பெரியவர்கள் கடை வாசலில் நிற்கும்போது, வேண்டுமென்றே ஒரு சிப்பத்தைத் தோளில் ஏற்றி உள்ளே கொண்டுபோனார். முன்தண்டு கிடைத்தது.

பொங்கலன்று, பின்தண்டில் சின்னத்துரையும் தோள் கொடுக்க, சப்பரம் எல்லாத் தெருவும் சுற்றி வந்தது. அண்ணாச்சிக்குக் கால் இடறவில்லை. கோயில் வாசலில் இறக்கியபோது கண் கலங்கியது, வியர்வை என்றார்.

மறுநாள் காலையில் அவரால் கையைத் தூக்க முடியவில்லை. முத்துலட்சுமி எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்தாள். அவர் தோளில் கை வைக்கவே விடவில்லை. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மகனிடம், உனக்குத் தோள் வலிக்கவில்லையா என்று கேட்டார்.

"விடியறப்பவே சரியாப் போச்சுய்யா."

அண்ணாச்சி மகனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அதுக்குள்ள போயிருச்சா? எனக்கு வாரம் பூரா இருக்கும்லே."