சிம்பன்சிக்கு இரண்டாவது பொருள்

மூலக்குளத்தில் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. பழைய அலுவலகத்தில் தேநீர் கொண்டுவந்து தரும் முருகையன். "செலின் மதாம் போயிட்டாங்க சார். மத்தியானம் சாப்புட்டுட்டுப் படுத்தவங்க, எழுந்திருக்கல." கத்தரிக்காயைத் தராசிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அகராதி அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவருடைய பிடிவாதம் தெரியும். எடுத்துக்காட்டு வாக்கியம் எதையும் அவர் தானாக யோசித்து எழுதியதில்லை. யார் வாயிலிருந்தாவது கேட்டிருக்க வேண்டும். யார் சொன்னது, யாரிடம் சொன்னது என்றும் அட்டையில் குறித்துவைப்பார். "காதுல விழாத வாக்கியம் பொணம், முசே" என்பார். ஆண்கள் எல்லோரும் அவருக்குப் பிரெஞ்சு மரியாதையில் முசேதான். முருகையனும் முசே முருகையன்தான்.

அப்போது அகராதியில் சகர வரிசை நடந்துகொண்டிருந்தது. சிம்பன்சி: ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் வாலில்லாக் குரங்கு என்று நான் எழுதினேன். அந்த அறையில் அது யாருடைய பெயர் என்பதும் உங்களுக்குத் தெரியும். என் கைகள் நீளம். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே குழுத் தலைவர், "ஏய் சிம்பன்சி, மேல் தட்டுப் புத்தகத்த எடுய்யா" என்றார். அதுவே பெயராக நிலைத்தது. சிரித்தவர்கள் யார் யார் என்று இன்றும் என்னால் சொல்ல முடியும். இதைப் படிப்பவர்களிலும் சிலர் இருக்கிறார்கள்.

கூட்டத்தில் மதாம் தம் அட்டையை வாசித்தார். இரண்டாவது பொருள்: ஒருவரின் தோற்றத்தை இழிவுபடுத்தச் சொல்வது.

"இது எதுக்கும்மா? படிச்சவங்க யாரு இப்படிப் பேசறாங்க?" என்றார் தலைவர்.

"நீங்கதான் ஐயா. இவர்கிட்ட. காலையில கூடச் சொன்னீங்க, நான் கேட்டேன்."

முருகையன் கிளாஸ்களை அடுக்குவதை நிறுத்தினார்.

படியிறங்கும்போது, "என்னை எதுக்கு மதாம் இழுத்தீங்க?" என்று கேட்டேன்.

"உங்களுக்காகப் பேசல, முசே கதிர்வேலு. சொல்லுக்காகப் பேசினேன். இருக்கறத இல்லன்னு அச்சடிக்கக் கூடாது."

அந்தப் பதிலை நான் வெகுகாலம் மன்னிக்கவில்லை. அந்த ஆண்டோடு அவருடைய ஒப்பந்தத்தை முடித்துவிட்டார்கள். அகராதி வெளிவந்தபோது சிம்பன்சிக்கு ஒரே பொருள்தான் இருந்தது. காட்டில் வாழ்கிறது.

அடக்கத்துக்குத் தலைவரும் வந்திருந்தார். மதாமின் நேர்மையைப் பற்றி நன்றாகவே பேசினார். பிறகு என் அருகில் வந்து, "நீ... உன் பேரு..." என்று தடுமாறினார். அவருக்குத் தெரிந்த ஒரே பெயரைச் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சொல்ல வாய் வரவில்லை. நான் எடுத்துக்கொடுக்கவில்லை.

முசே கதிர்வேலு. மதாமிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவ்வளவுதான். இனி அப்படி அழைக்க ஆளில்லை. ஆனால் யார் சொன்னது, யாரிடம் சொன்னது, இரண்டும் எனக்குத் தெரியும்.