நிறைந்துபோன எண்ணெய்

நாங்கள் குடியேறிய, பிரெஞ்சு பேசும் நகரத்தின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் நாங்கள் இருந்த கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு மொரோக்கோ யூதக் குடும்பம் இருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு குளிர்காலம் முழுக்க அந்த வீட்டைக் கூட்டித் துடைத்தேன். அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான், நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். வயிற்றில் பிள்ளை. படுக்கையை விட்டு அதிகம் எழும்பக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இருவரும் பிரெஞ்சில்தான் கதைத்தோம். அவருடையது சரளம், என்னுடையது நொண்டி. ஆனால் இப்போது நினைத்தால் அவர் என்னோடு யாழ்ப்பாணத் தமிழில் கதைத்ததாகவே ஞாபகம் வருகிறது. அப்படியே எழுதிவிடுகிறேன்.

எனக்கு ஒரு கெட்ட குணம். மற்றவர்கள் வீட்டுச் சாமியைப் பற்றித் துருவித் துருவி விசாரிப்பேன். படுத்தே கிடப்பவர் வெள்ளிக்கிழமை மட்டும் எழும்பி நின்று விளக்கேற்றினால் கேட்காமல் இருக்க முடியுமா? கண்ணாடிக் குவளையில் பாதிக்குத் தண்ணீர், அதன்மேல் ஒலிவ் எண்ணெய், அதில் மிதக்கும் திரி. பொழுதுபடுவதற்கு முன் ஏற்றிவிட வேண்டும். பிறகு நெருப்பைத் தொடக் கூடாது. ஏன் என்று கேட்டதற்கு, மற்றக் காரணங்களோடு 'கபாலா' என்று ஒரு சொல்லையும் சொன்னார். யூதர்களின் மறைஞானமாம். என் காதில் அது கபாலம் என்று விழ, மண்டையோட்டை வைத்துச் செய்யும் சூனியமாக்கும் என்று ஒரு கிழமை பயந்து திரிந்தேன். பயத்தைவிட விடுப்பு அறியும் ஆசை கூடியபோது திரும்பவும் கேட்டேன்.

"மேலயிருந்து ஆசீர்வாதம் சும்மா வராது," என்றார். "கீழ நாங்கள் ஏதாவது நல்லது செய்யவேணும். அப்பதான் மேல அசையும்."

"அப்ப கடவுளுக்கு நாங்கள் பெல் அடிக்கவேணுமோ?"

அவர் சிரித்து, சுவரில் இருந்த வாசல் பொத்தானைக் காட்டினார். "ஓம். கீழ வாசலில நிண்டு ஆரும் பெல் அடிச்சாத்தானே நாங்கள் மேலயிருந்து அதை அமத்திக் கதவைத் திறக்கிறம். திறக்க அவருக்கும் விருப்பம்தான். அடிக்கிறது எங்கட வேலை."

"சிலநேரம் அடிச்சாலும் திறக்கிறேல்லையே."

"தெரியும்," என்றார். "எனக்கு ரெண்டு தரம் திறக்கேல்லை." கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டார். "இந்த முறை ஒரு வெள்ளியும் விடேல்லை."

என் வாயை நானே அடைத்திருக்கலாம். வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனுசன், "உமக்கு விசரே? கூட்டப் போன இடத்தில கடவுளைப் பற்றி விசாரணை!" என்றார். ஆனாலும் கேள்வி போகவில்லை. உலகத்தைப் படைத்தவர் மூன்றாம் மாடியில் ஊற்றும் ஒரு கரண்டி எண்ணெய்க்காகக் காத்திருப்பாரா?

வியாழக்கிழமைகளில் சமையலறையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று நான் சத்தமாகச் சொல்ல, அவர் படுத்தபடியே பட்டியல் எழுதுவார். மாலையில் கணவர் வாங்கி வருவார். அப்படி ஒரு வியாழன், "எண்ணெய்?" என்று கேட்டார். டின்னைத் தூக்கினேன். கனமே இல்லை. "ப்ளேன்!" என்று கத்தினேன்.

பிரெஞ்சில் ப்ளேன் என்றால் நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். எங்கள் வீடுகளில் அரிசியோ உப்போ எண்ணெயோ தீர்ந்தால் 'இல்லை' என்று வாயால் சொல்வதில்லை, 'நிறைஞ்சுபோச்சு' என்போம். கேட்கிற எவருக்கும் வாங்க வேண்டும் என்று விளங்கும். வெறுமை என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லும் எனக்குத் தெரியும். அந்த வீட்டில், அந்த வயிற்றுக்குப் பக்கத்தில், அதைச் சொல்ல நாக்கு வரவில்லை.

மறுநாள் விளக்கேற்ற எழும்பியவர் டின்னைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்கள் ப்ளேன் எண்டு சொன்னியள்!"

பொழுதுபட மூன்று நிமிடம்தான் இருந்தது. வீட்டில் மெழுகுதிரியும் இல்லை. மூலையில் இருந்த தெப்பனர் என்ற சில்லறைக் கடைக்கு ஓடுகிறேன் என்று பனிச் சப்பாத்துக்குள் காலை விட்டேன். கயிறு கட்டி முடியுமுன்பே நேரம் போய்விடும் என்று இருவருக்கும் தெரிந்தது. அவர் டின்னைப் பிடித்தபடி அழத் தொடங்கினார். அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்தால் அது என் ஒரு சொல்லால்தான் என்று அப்போது நான் மனதார நம்பினேன். நம்பிக்கையைக் கேலி செய்தவளும் நான்தான்.

"டின்னைச் சரிச்சுப் பாருங்கோ," என்றேன். "போன வெள்ளி விளக்குக்கு ஊத்தேக்க அடியில கொஞ்சம் விட்டு வைச்சிருப்பன்."

அங்கே ஒரு கரண்டி இருந்தது.

"ஏன் விட்டு வைச்சனீங்கள்?"

"பாத்திரத்தைத் துடைச்சு வெறுமையாக்கக் கூடாது. எங்கட வழக்கம்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை வினோதமாகப் பார்த்தார். "எங்கட ஆக்களும் அதைத்தான் சொல்லுறவை. வெறுமையான இடத்தில ஆசீர்வாதம் தங்காதாம். சாப்பிட்ட மேசையிலயும் ஒரு துண்டுப் பாண் விட்டு வைப்பம்."

எண்ணெய் தண்ணீரின்மேல் மெல்லிய தோலாகப் பரவியது. "முழுக்கக் கவிழ்க்காதேங்கோ, ஒரு சொட்டு விடுங்கோ," என்றேன். விட்டார். வழக்கமாக இரண்டு விளக்கு. அன்று ஒன்றுதான். திரி பற்றியதும் அவர் கண்களை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். நானும் மூடிக்கொண்டேன். என்ன கேட்டேன் என்று உங்களுக்குத் தெரியும்.

எங்கள் வழக்கத்தை அவருக்கு விளக்கிவிட்டு, அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் நான் தமிழிலேயே சொன்னேன். 'நிறைஞ்சுபோச்சு' என்றால் அவர் பட்டியலில் எழுதிக்கொள்வார்.

பனி கரைந்துகொண்டிருந்த ஒரு காலை தொலைபேசி அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவர்தான். களைத்துப்போன குரலில் ஒரே ஒரு தமிழ்ச்சொல் சொன்னார்.

"நிறைஞ்சுபோச்சு."

வெறுமைக்கு நான் சொல்லிக்கொடுத்த சொல் அல்லவா அது? ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அந்தப் பக்கம் அவர் அழுவது கேட்டது. பிறகு அவருக்கு மிகப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை வீறிட்டது.