சாம்பியன்கள் தோற்கிறார்கள்

இன்று காலை தாம்பரத்தில் ரயில் ஏறினால், ஜன்னலோரத்தில் கலா.

ஒரு வங்கிக்காகச் சம்பளத்துக்குக் கூடைப்பந்து ஆடியவள் நான். போன வருடம் சாஃப்ட்வேர் வேலை கிடைத்ததும் அணியை விட்டேன். என் இடத்துக்கு வந்தவள் கலா. மூன்றே மாதத்தில் அணி சாம்பியன் ஆனது. அவர்கள் கோப்பையோடு நிற்கும் படம் வந்த செய்தித்தாளை வீட்டில் யார் கண்ணிலும் படாமல் மடித்து வைத்தேன்.

"இந்த சீசன் எப்படிப் போகுது?" என்று கேட்டேன்.

"பேஜாரா இருக்குக்கா. தொடர்ந்து நாலு மேட்ச் தோத்துட்டோம். சாம்பியனை அடிக்கணும்னே எல்லா டீமும் வர்றாங்க. நேத்து கடைசி நிமிஷம் பால் என் கையிலதான் இருந்துச்சு, விட்டுட்டேன். அப்புறம் எல்லாரும் ரூம்ல ஒண்ணா உக்காந்து அழுதோம்."

"அடடா" என்றேன். உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பல்லாவரம் தாண்டும்போது அவளுக்கு போன் வந்தது. "வந்துட்டே இருக்கேன்டி, நான் இல்லாம பிராக்டிஸ் ஆரம்பிக்காதீங்க" என்று சிரித்தாள். வீங்கிய விரலில் பிளாஸ்திரியை இறுக்கிச் சுற்றிக்கொண்டாள்.

நான் கிண்டியில் இறங்கி ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் சந்தோஷம் வடிந்துவிட்டது. அவர்கள் கோப்பையோடு நின்றபோதுகூட இவ்வளவு வயிறு எரியவில்லை. தோற்றால் சேர்ந்து அழ எனக்கு இப்போது யார் இருக்கிறார்கள்?

தோற்றவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டது நான் ஒருத்திதானா? உண்மையைச் சொல்லுங்கள்.