சாமைக்கு இரவல் எண்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறை. அங்கே இரண்டு கணினிகளை வைத்துக்கொண்டு, பொருள் விற்பவர்களை இணையச் சந்தையில் ஏற்றிவிடுவது என் பிழைப்பு. தியாகதுருகத்திலிருந்து முறுக்கு வரும், நைனார்பாளையத்திலிருந்து கடலை எண்ணெய் வரும். படம் எடுப்பேன், தலைப்பு எழுதுவேன், அங்கே கேட்கிற கட்டங்களையெல்லாம் நிரப்புவேன். எனக்கு நிரப்பத் தெரியாத கட்டம் உண்டு என்று யாராவது சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தத் திமிர் இன்னொருத்தியின் தலையில் விடிந்த கதை இது. வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

கல்வராயன் மலையிலிருந்து ஒரு மகளிர் குழுவின் தலைவி வந்தார். என்னைவிடப் பத்து வயது பெரியவர். மஞ்சள் பையிலிருந்து சாமை அரிசியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இத போன்ல விக்கலாம்னு சொல்றாங்க பாப்பா. நீ ஏத்திக் குடு."

பன்னிரண்டு வீட்டுச் சாமை அது. ஒவ்வொரு வீட்டு மூட்டையின் வாயையும் அந்தந்த வீட்டுப் பழைய புடவையில் கிழித்த துணியால் கட்டுவார்களாம். பெயர் எழுதுவதில்லை. துணியைப் பார்த்தாலே யார் வீடு என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு மூட்டை தீர்ந்த பிறகுதான் அடுத்ததைப் பிரிப்பார்கள். கல்லோ உமியோ இருந்தால் அந்த வீட்டுக்காரி மறுபேச்சுப் பேசாமல் ஒத்துக்கொள்வாள். அது அவர்களுக்குள் வழக்கம்.

நான் சிரித்தேன். "இன்னாக்கா, இன்னும் சீலைக் கிழிசலா? ஒலகத்துல எல்லாத்துக்கும் நம்பர் வந்துட்டுது."

நம்பர் என்று நான் சொன்னது, பாக்கெட்டின் பின்னால் கறுப்புக் கோடுகளுக்குக் கீழே இருக்குமே, அந்தப் பதின்மூன்று இலக்கம். ஒரு நிறுவனத்தின் ஒரு பொருளுக்கு மட்டுமே உரிய எண். அதைப் பதிவு செய்துதான் வாங்க வேண்டும். இணையச் சந்தையில் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு. மலைச் சாமைக்கு அந்த எண் கிடையாது. கிடையாது என்று சொல்லவும் வழி இருந்தது. 'எண் இல்லை' என்று குறித்து, பாக்கெட்டைச் சுற்றிலும் படம் எடுத்து அனுப்பி, விலக்குக் கேட்க வேண்டும். கேட்டேன். இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். குழுவின் பெயர் பாக்கெட்டில் அச்சில் இருக்க வேண்டுமாம். இவர்கள் பேனாவால் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

அச்சடித்து வாங்கி வாருங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் தலைவி தினமும் போன் செய்து, "ஏறிட்டுதா பாப்பா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். முடியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கீழே இருந்த கடைக்குப் போனேன். ஒரு பெரிய நிறுவனத்தின் சாமைப் பாக்கெட்டை வாங்கி வந்து, அதன் எண்ணை அந்தக் கட்டத்தில் தட்டினேன்.

உடனே பச்சை விழுந்தது. தலைப்பும் படமும் தாமாகவே வந்து உட்கார்ந்தன. அந்த நிறுவனத்தின் சாமைக்கு மற்றவர்கள் கொடுத்த நட்சத்திரங்களெல்லாம் எங்கள் சாமைக்கும் சேர்ந்துகொண்டன. கணினியைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே பொருள். "ஏறிட்டுதுக்கா" என்று பெருமையாகச் சொன்னேன். ஆர்டர்களும் வந்தன. தலைவி ஒரு பை நிறைய மலை நெல்லிக்காய் கொண்டுவந்து கொடுத்தார். கூச்சமில்லாமல் வாங்கி ஊறுகாய் போட்டேன்.

தை மாதத்தில் ஒரு காலை, தலைவி போனைக் கையில் பிடித்தபடி படியேறி வந்தார். விற்பனைக் கணக்கு அவர் பெயரில் இருந்ததால் தகவல் அவருக்குப் போயிருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் என்னிடம் படிக்கச் சொன்னார். சாமையில் பூச்சி இருந்ததாகப் புகார், விளக்கம் தரும்வரை விற்பனை நிறுத்தம் என்று இருந்தது. கணினியில் புகாரைத் திறந்தேன். வாங்கியவர் படமும் போட்டிருந்தார். பூச்சி தெளிவாகத் தெரிந்தது. அது இருந்த பாக்கெட்டும் தெரிந்தது. பளபளவென்று அச்சடித்த, அந்த நிறுவனத்தின் பாக்கெட். எண் ஒன்றே என்பதால் அவர்கள் சாமைக்கு வந்த புகார் எங்கள் கணக்கிலும் விழுந்திருந்தது.

நான் திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"நம்ம சாமைல பூச்சியா பாப்பா?" என்றார் தலைவி.

"அப்டித்தான் போட்டுருக்காங்க" என்றேன்.

அவர் விரல் விட்டு நாள் கணக்குப் பார்த்தார். "அந்த வாரம் பிரிச்சது நீலப்பூ போட்ட துணி கட்டுன மூட்டை" என்று சொல்லி ஒரு பெண்ணைக் குறிப்பிட்டார். குழுவிலேயே சின்னவள். கணவன் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்தான். அரை ஏக்கரில் அவள் ஒருத்தியாகப் பாடுபட்டு எடுத்த சாமை.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அடுத்தவன் எண்ணைத் திருடிப் போட்டதைச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர்க்காரி என்று ஊரில் எனக்கிருந்த பெயர் போய்விடும் என்று பயந்தேன்.

"குழுவுல பேசணும், நீயும் வா" என்றார் தலைவி. "நான் சொன்னா அவ நம்ப மாட்டா. படிச்சவ சொன்னா நம்புவா."

போனேன். கச்சிராயபாளையம் தாண்டி பேருந்து மலை ஏறிய நேரமெல்லாம், அங்கே போய்ச் சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அங்கே அந்தச் சின்னவள் மீதிச் சாமையைப் பாயில் கொட்டி, முறத்தில் அள்ளி அள்ளிப் புடைத்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் பெண்கள் குனிந்து பார்த்தார்கள். மூட்டை முழுக்கப் புடைத்தும் ஒரு பூச்சி இல்லை. தலைவி என்னைப் பார்த்தார்.

"போட்டோவுல நல்லா தெரிஞ்சுதா பாப்பா?"

"தெரிஞ்சுதுக்கா."

பொய் இல்லையே என்று எனக்குள் ஒரு சமாதானம் வேறு. பொய்யை விடக் கேடுகெட்ட உண்மையை அன்றுதான் பேசினேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "நான்தான் சரியா காய வெக்காம உட்டுட்டேன் போல. என்னால உங்களுக்கும் கெட்ட பேருக்கா. மனசுல வெச்சிக்காதீங்க."

இனி அடுத்த அறுவடை வரைக்கும் அவள் வீட்டுச் சாமை குழுவில் சேராது என்று முடிவானது. அவள் தலையாட்டினாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, இரண்டும் ஒரே பாயில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தன.

ஊர் திரும்பியதும் அந்த எண்ணை எடுத்தேன். என் செலவில் பாக்கெட் அச்சடித்து, படம் எடுத்து, முறையாக விலக்குக் கேட்டேன். பத்தே நாளில் கிடைத்துவிட்டது. முதலிலேயே செய்திருக்க வேண்டியது அவ்வளவுதான். ஒரு நட்சத்திரம்கூட இல்லாமல் சாமை மெதுவாக விற்கத் தொடங்கியது. அவளைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. மாதங்கள் ஓடின. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, நானும் மூன்று வேளை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஆவணியில் தலைவி வேறு வேலையாக வந்தபோது, "அவ இப்ப கூட்டத்துக்கே வர்றதில்ல பாப்பா, ஆருகிட்டயும் பேசறதில்ல" என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எங்கிட்ட சொன்னா ஆச்சா? மலைக்கு வா, அவகிட்ட சொல்லு."

அவள் தன் அரை ஏக்கர் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். பேருந்தில் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது. எண், பாக்கெட், படம் எல்லாவற்றையும் தாறுமாறாகச் சொன்னேன். அவளுக்கு ஒன்றுதான் கேட்க வேண்டியிருந்தது.

"அப்போ அந்தப் பூச்சி எங்க சாமைல இல்லியா?"

"இல்லம்மா. உன் சாமை சுத்தம். தப்பு பண்ணது நான்தான்."

அவள் அடுத்த கொல்லைப் பக்கம் திரும்பிக் கத்தினாள். "கேட்டீங்களா! எங்க வூட்டு சாமைல பூச்சி இல்லியாம்!" அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். என்னைத் திட்டுவாள் என்று நினைத்திருந்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன்.

பிறகு அவள் சிரிப்பு நின்றது. வரப்பில் உட்கார்ந்தாள்.

"பூச்சி புடிச்ச வெதன்னு நெனச்சிகினு, வெதச் சாமைய மொத்தமா கோழிக்குக் கொட்டிட்டேனேக்கா. மாமியா வூட்ல வழிவழியா வெச்சிருந்தது, வேற ஆருகிட்டயும் இல்ல. இப்ப போட்டுருக்கறது கடை வெத."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அந்த வெத எங்கனா கெடைக்குமாக்கா? உங்க போன்ல தேடிப் பாருங்களேன்."

அவள் முகத்தில் நிஜமாகவே நம்பிக்கை இருந்தது. இத்தனைக்குப் பிறகும் என் போனை நம்பினாள். 'கெடைக்காதும்மா' என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

அப்போதுதான் அவள் அழுதாள்.